பெயின்டுக்கு அடியில் என்ன கார்?

ஐம்பதுகளின் அமெரிக்க கார் ஒன்று விற்பனைக்கு வரும்போது கூடவே நான்கு உறுதிமொழிகளும் வந்துவிடும். முழுக்க ரெஸ்டோர் செய்தது. எல்லாம் ஒரிஜினல். பேப்பர் கிளியர். விலை ஏறுமே தவிர இறங்காது. நான்கும் ஒரே காரில் உண்மையாக இருப்பது அபூர்வம். முதல் இரண்டும் ஒன்றையொன்று வெட்டக்கூடியவை என்பது சட்டத்தைப் படித்தால் புரியும். செம்பரம்பாக்கத்தில் வீடும், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் போட இடமும் உள்ள ஒருவர், ஓட்டிப் பார்க்கும் ஆசையில் இப்படி ஒரு காரை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்பதே இங்கே கேள்வி. அருங்காட்சியகத்துக்காக வாங்குபவர்களின் கணக்கு வேறு, அவர்களை விட்டுவிடுகிறேன்.

ஊரைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பழைய கார் வாங்குவதில் பாதி முடிவை ஊர்தான் செய்கிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து கடல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெசன்ட் நகரிலும் ஈ.சி.ஆரிலும் தகரத்தைத் தின்கிற உப்புக்காற்று இங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. கிழக்கே பூந்தமல்லி தாண்டினால் அம்பத்தூர் எஸ்டேட்டும் பாடியும். கிராங்க் கிரைண்டிங், சிலிண்டர் போரிங், பல்சக்கரம் வெட்டுவது எல்லாம் அங்கே அன்றாட வேலை. மேற்கே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடல். ஊருக்குள்ளேயே இ.வி.பி. ஃபிலிம் சிட்டி. பழைய காலப் படம் எடுப்பவர்களுக்குப் பழைய கார் தேவைப்படும் என்ற கணக்கும் சிலருக்கு உண்டு. அந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், தமிழ்நாட்டில் இருக்கிற ஐம்பதுகளின் அமெரிக்க கார் எப்படி இங்கே வந்தது என்று தெரிய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் பாகங்களாக வந்த கார்களைப் பூட்டத் தொடங்கியது. தென்னாட்டில் மதுரை டி.வி.எஸ். அவர்களுடைய பெரிய விற்பனையாளர். குர்லாவில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரின் உரிமம் பெற்று 1947 முதல் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் செய்தது. 1953இல் சுங்கவரிக் கமிஷன், இங்கேயே உதிரிபாகம் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டிக்கொண்டிருக்க முடியாது என்ற நிலையை எடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையை மூடியது. ஃபோர்டும் போனது. பிரீமியர் மட்டும் கிரைஸ்லர் வண்டிகளைத் தொடர்ந்தது.

இந்த வரலாறுதான் வாங்குபவர் கையில் உள்ள முதல் ஆயுதம். 1954 வரையிலான ஷெவர்லேயும், பிரீமியர் பூட்டிய டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டிசோட்டோ டிப்ளமாட் ஆகியவையும் வலக்கை ஸ்டியரிங்கோடு இங்கேயே விற்கப்பட்டவை. (இந்த மூன்றும் ஒரே பிளிமத் உடம்புதான், முகப்பும் பெயர்ப்பலகையும்தான் வேறு.) இவற்றுக்குப் பிறந்த ஊர், முதல் பதிவு, மெட்ராஸ் மாகாண நம்பர் எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாருடைய கனவிலும் வருகிற 1957 ஷெவர்லே பெல் ஏர் அப்படி வந்ததல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் போய் மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த கார் அது. தூதரகக் காராக வந்து, 1956இல் தொடங்கிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக ஏலத்தில் போயிருக்கலாம். பெரும்புள்ளி ஒருவர் தனி அனுமதி வாங்கி இறக்கியிருக்கலாம். எப்படி நாட்டுக்குள் வந்தது என்று விற்பவரால் காகிதத்தோடு சொல்ல முடியாவிட்டால், அந்தக் காரின் அழகைப் பற்றி மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

இனி 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்குப் பெரிய எதிரி டீசல்.

ஐம்பதுகளில் சிம்சன் நிறுவனம் சென்னை செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. லாரிக்கும் டிராக்டருக்கும் பம்புக்கும் என்று வந்த எஞ்சின்கள் காலப்போக்கில் டாட்ஜுக்கும் பிளிமத்துக்கும் உள்ளே ஏறின. லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுக்கும் மூன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டு கிராமத்துக்கும் தாலுகா ஊருக்கும் நடுவில் வாடகைக்குப் பிளசர் கார் ஓட்ட முடியாது. டீசலைப் போட்டால் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டலாம். அப்படித்தான் பல கார்கள் உயிர் பிழைத்தன. பெட்ரோலிலேயே இருந்திருந்தால் எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது அவை புதுப்பேட்டையில் உடைபட்டுக் கிலோ கணக்கில் போயிருக்கும். ஆகவே டீசல் போட்ட டாட்ஜை 'கெடுத்துவிட்டார்கள்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கார் தமிழ்நாட்டில் வாழ்ந்த வாழ்க்கையே அதுதான். டெட்ராயிட்டில் பிறந்த நிலையை விட, பெர்கின்ஸ் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன முப்பது வருஷம் அந்தக் காருக்கு நீண்ட சரித்திரம்.

ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. அப்படியானால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. டீசல் போட்ட கார் இந்த வாசலிலேயே நின்றுவிடும். அது மட்டுமா? 'முழு ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் ஃப்ளோரை வெட்டிப் புதுத் தகடு போட்டு, சேசிஸை வெல்டிங் செய்து, எஞ்சினையும் வேறொரு காரிலிருந்து எடுத்துப் போட்ட வண்டி எந்தப் பக்கம் விழும்? எழுத்துப்படி படித்தால், நன்றாக ரெஸ்டோர் செய்த கார் மூல வடிவை இழந்த கார் என்றாகிவிடும். ரெஸ்டோரேஷனையும் மாற்றத்தையும் பிரிக்கும் கோடு விதியில் தெளிவாக இல்லை. எதிரில் இருக்கும் அதிகாரி எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர் இந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

வி.ஏ. நம்பர் வேண்டுமா என்பதும் தனிக் கேள்வி. அந்தப் பதிவு உள்ள காரைக் கண்காட்சிக்கும், பழைய கார் பேரணிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வணிகத்துக்கும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்விட்டு வருவது இந்தப் பட்டியலில் இல்லை. இ.வி.பி.யில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடலாம் என்ற கனவு இங்கேதான் இடிக்கிறது: லாரியில் ஏற்றிச் செட்டில் இறக்கினாலும், வாடகை வாங்கினால் அது வணிகம் ஆகாதா என்ற கேள்வி நிற்கும். ஓட்ட விரும்புகிறவருக்கு என் பரிந்துரை, உயிரோடு இருக்கும் சாதாரணப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான். அதற்கும் இப்போது செலவு கூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய் ஆனது. இறக்குமதி நான்கு சக்கர வாகனத்துக்கு 80,000. ஆர்.சி. புக்கில் இறக்குமதி வண்டி என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பது ஒவ்வொரு ஐந்து ஆண்டிலும் பேசும். வி.ஏ. பக்கம் ஒரே ஆறுதல், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. தொகை சிறியது, அதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது ரெஸ்டோரேஷன். இங்கேதான் பணம் அதிகம் கைமாறுகிறது, இங்கேதான் ஏமாற்றமும் அதிகம்.

டிங்கரிங் மேஸ்திரி ஒருவர் துருப்பிடித்த ஃபெண்டரை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். துரு முழுவதையும் வெட்டி எடுத்து, தகடு வளைத்து, ஒட்டி, தட்டி நேராக்கி, பட்டியை மெல்லிய பூச்சாக இழுத்து முடிப்பது ஒன்று. துருவின் மேலேயே கண்ணாடி நார் வலை ஒட்டி, விரல் கனத்துக்குப் பட்டி அப்பி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது இன்னொன்று. டெலிவரி எடுக்கிற நாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். இரண்டாவது இரண்டு மழைக்காலம் தாங்கும், மூன்றாவதில் கொப்புளிக்கும். துணி சுற்றிய காந்தத்தை ஃபெண்டரின் கீழ் ஓரத்திலும், கதவுக்குக் கீழ் உள்ள பேனலிலும், பின் சக்கர வளைவிலும் வைத்துப் பார்ப்பது பழைய உத்தி, இன்றும் பொய்க்காத உத்தி. அதைவிட நல்ல சோதனை ஒன்று: பின் ஸ்பிரிங் சேசிஸில் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து சாத்திப் பாருங்கள். உடம்பும் சேசிஸும் திடமாக இருந்தால் கதவு தன் இடத்தில் போய் உட்காரும். உள்ளே உளுத்திருந்தால் கதவு எங்காவது போய் முட்டும். விற்பவர் ஜாக்கி வைக்க அனுமதிக்காவிட்டால் அதுவே பதில்.

வேலை நடக்கும்போது எடுத்த படங்கள் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பெயின்ட் உரித்த நிலையில், சேசிஸ் தனியாக நின்ற நிலையில், ஃப்ளோர் வெட்டிய நிலையில் எடுத்த படங்கள் இல்லாத ரெஸ்டோரேஷனுக்கு பெயின்டிங் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானம். நாம் வாங்குவது கண்ணுக்குத் தெரியாத வேலையை. அது நடந்தது என்பதற்கு அந்தப் படங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

செம்பரம்பாக்கத்தைப் பொறுத்தவரை தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு ஓடும் வழியெங்கும் கார்கள் கூரை வரை முங்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். முங்கிய பழைய கார்களில் சில காய்ந்து, பெயின்ட் பூசி, 'ரெஸ்டோர்' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டே எந்தக் காரையும் பார்க்க வேண்டும். பின் சீட் குஷனைக் கழற்றுங்கள். கதவின் உள் அட்டையை ஒரு பக்கமாவது பிரியுங்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால் விரலை விடுங்கள். வண்டல் மண்ணைக் கழுவலாம். மூலைகளில் படிந்த மாவு போன்ற சேற்றை யாரும் முழுக்கக் கழுவுவதில்லை. பெட்டி வடிவச் சேசிஸுக்குள் தண்ணீர் தங்கியிருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இப்போது இந்த ஊருக்கே உரிய ஒரு வாதம். பொதுவாக வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குவார்கள். குரோம் மங்கியிருந்தால், ஒரு பட்டை காணாமல் போயிருந்தால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அம்பத்தூருக்குப் பக்கத்தில் இருப்பவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எஞ்சின் செத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. ஸ்லீவ் போடலாம், பிஸ்டன் செய்யலாம், கிராங்க் தேய்க்கலாம், வாட்டர் பம்ப் ஷாஃப்டை லேத்தில் கடையலாம், வால்வு கைடு வெட்டலாம். இரும்பில் செய்யக்கூடிய எதையும் இந்தப் பக்கத்துப் பட்டறைகள் செய்துவிடும். செய்ய முடியாதவை வேறு: வளைந்த முன்கண்ணாடி, ஸ்டெயின்லெஸ் பட்டைகள், துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னங்கள், கதவுக் கைப்பிடிகள், டாஷ்போர்டின் மீட்டர் முகங்கள். 1955 ஷெவர்லேயிலிருந்து முன்கண்ணாடி இரு பக்கமும் சுற்றி மடங்கி வரும். அது உடைந்தால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும், வந்து சேரும்போது முழுசாக இருக்கும் என்றும் உறுதி கிடையாது. 1953க்கு முந்தைய பிளிமத்தில் கண்ணாடி இரண்டு துண்டு. ஒன்று போனால் ஒன்றைத் தேடினால் போதும். உதிரி அலங்காரம் முழுசாக உள்ள, ஓடாத கார். எஞ்சின் தங்கமாக ஓடும், பட்டைகள் பாதி இல்லாத கார். இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் செம்பரம்பாக்கத்துக்காரர் முதலாவதை எடுக்க வேண்டும்.

பெல் ஏரின் பக்கம் நின்று பேசுபவர்கள் இதற்குச் சரியான மறுப்பு வைத்திருக்கிறார்கள். 1957 ஷெவர்லேக்கு அமெரிக்காவில் புதிதாகக் கிடைக்காத பாகமே இல்லை. முழு உடம்பையே புதுத் தகட்டில் செய்து விற்கிறார்கள். பிளிமத்துக்கு அந்த வசதி இல்லை. உண்மைதான். ஆனால் அதே வசதி இன்னொரு ஐயத்தைக் கிளப்புகிறது. பெல் ஏர் என்பது ஷெவர்லேயின் மேல்தட்டு மாடல். அதற்குக் கீழே டூ-டென், ஒன்-ஃபிஃப்டி என்று இரண்டு இருந்தன. பொன்னிற முகப்பும், பின் துடுப்பில் பதித்த அலுமினியப் பலகையும் புதிதாகக் கிடைக்கும்போது சாதாரண டூ-டென்னை பெல் ஏர் ஆக்க ஒரு வாரம் போதும். அமெரிக்காவில் செய்த 1957 வண்டியில் வி-8 எஞ்சின் உள்ள பெல் ஏரின் எண் வி.சி.57 என்று தொடங்கும். டூ-டென் என்றால் வி.பி.57. முன்னால் வி இல்லாவிட்டால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்தது. கனடாவிலிருந்து வலக்கை ஸ்டியரிங்கோடு வந்தவற்றின் எண் முறை வேறு. அது தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடவும் கூடாது. இடக்கை ஸ்டியரிங்காக வந்து உள்ளூரில் வலப்பக்கம் மாற்றிய கார்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். ஸ்டியரிங் பாக்ஸை இடம் மாற்றி இணைத்த கைவேலையை நம்பிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுவது வேண்டாத துணிச்சல். இடக்கை ஸ்டியரிங்கை அப்படியே வைத்திருப்பதே மேல். மோட்டார் வாகனச் சட்டம் 120ஆம் பிரிவு சைகை விளக்கு வேலை செய்தால் அதை அனுமதிக்கிறது.

இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். ஜானவாசத்துக்கு என்று வாழ்ந்த ஓப்பன் கார்கள். மாப்பிள்ளையை உட்கார வைத்து மயிலாப்பூர் மாட வீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்த கார்களில் கம்பெனியே கூரையில்லாமல் செய்தவையும் உண்டு. செடானின் கூரையை இங்கே அறுத்தவையும் உண்டு. 1957 வரை ஷெவர்லே தன் ஓப்பன் கார்களுக்குச் சேசிஸில் குறுக்காக எக்ஸ் வடிவ விட்டம் கொடுத்தது. அந்த ஆண்டுகளின் செடானில் அது கிடையாது. கூரை போன செடான் மெதுவாக நடுவில் தொங்கும். ஊர்வல வேகத்தில் தெரியாது, அறுபது கிலோமீட்டரில் கதவு தானாகத் திறக்கும்போது தெரியும். கீழே குனிந்து எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லை என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஓட்டுவதைப் பற்றி. ஷெவர்லேயின் பழைய 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் மிக அமைதியானது, ஆனால் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குக்கு எண்ணெய் பம்பின் அழுத்தத்தில் போவதில்லை. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டிகள் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். பேரிங்கும் ஊற்றி வார்த்த ஒயிட் மெட்டல். எண்ணெய் அழுத்த மீட்டர் 14 பவுண்டைத் தாண்டாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை, அது அப்படித்தான். ஆனால் இந்த எஞ்சினை ஆறுவழிச் சாலையில் தொடர்ந்து 90இல் ஓட்டினால் பேரிங் உருகும். 1954இல் எல்லா ஷெவர்லேயிலும் முழு அழுத்த எண்ணெயோடு 235 எஞ்சின் வந்துவிட்டது. பம்பாயில் பூட்டிய கடைசி ஆண்டு அது. கிரைஸ்லரின் தட்டைத் தலை எஞ்சினில் இந்தத் தொல்லையே இல்லை: முழு அழுத்த எண்ணெய், மாற்றக்கூடிய ஷெல் பேரிங், எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமாக்கிய சீட். 2000இல் ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்தபோது அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இதே குடும்பத்து எஞ்சின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளிலும் இருந்ததால் பழைய சரக்கு இன்னும் அங்கங்கே அகப்படுகிறது.

இப்போது எல்லா பங்க்கிலும் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எழுபது வருஷத்து ரப்பர் டயஃபிரமும் குழாயும் அதற்குத் தாங்காது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் துருவாக்கும். பெட்ரோல் பம்ப் டயஃபிரம், கார்புரேட்டர் கேஸ்கெட், குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்று பதில் வந்தால், நின்ற இடத்தில் மட்டுமே ஓடிய கார் என்று அர்த்தம். சித்திரை வெய்யிலில் மதுரவாயல் நெரிசலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிக் கார் நின்றுபோவது வேறு கதை. எத்தனால் அதை இன்னும் கூட்டும்.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம்தான், ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கும் போகும். பிளிமத்திலும் டாட்ஜிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸின் வால் பக்கத்தில் உள்ள டிரம்மில் இருக்கிறது. நிறுத்தி வைக்கத்தான் அது. ஒன்றரை டன் எடை. முன்னால் போகும் ஆட்டோ எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வட்டமாகப் பிரித்த மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தால் அதை மூல வடிவக் குற்றமாக நான் எண்ணமாட்டேன். 6 வோல்ட்டை 12 ஆக்கியிருந்தாலும் அப்படியே. உயிரைக் காக்கும் மாற்றத்தையும் செலவைக் காக்கும் மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பேப்பர் விஷயத்தில் ஒரே ஒரு பிடிவாதம். ஆர்.சி. புக்கைப் பார்த்தால் போதாது. எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் பதிவானதோ அங்கிருந்து பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் (அலுவலகப் பதிவேட்டின் நகல்) வாங்கச் சொல்லுங்கள். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள்; பிளிமத், டாட்ஜில் எஞ்சின் பிளாக்கின் இடப்பக்க முன்மூலையில், டைனமோவுக்கு மேலே, தட்டையான இடத்தில் குத்தியிருக்கும். சேசிஸ் எண் பலகை கதவுத் தூணில் திருகியிருப்பதால் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குப் போக ஸ்குரூடிரைவர் போதும். குத்திய எண் அப்படி நடமாடாது. ஆன்லைனில் இன்னும் ஏறாத பழைய பதிவு என்றால், அதை ஏற்றிக் கொடுக்கும் பொறுப்பை விற்பவர் தலையிலேயே வையுங்கள். பூந்தமல்லியிலோ வேறெங்கோ பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் முழுப்பணம்.

முதலீடு என்ற நான்காவது உறுதிமொழிக்கு அதிக நேரம் வேண்டாம். நம் நாட்டில் 1950க்கு முன் தயாரானவற்றை மட்டும் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்ற கட்டுப்பாடு 2025இல் தளர்ந்து, 50 ஆண்டு கடந்த எந்த வண்டியையும் கொண்டுவரலாம் என்றாயிற்று. வரிகள் காரின் விலையையே தாண்டும் என்பதால் நாளைக்கே கப்பல் கப்பலாக வந்துவிடாது. ஆனாலும் உள்நாட்டில் கிடைக்காது என்பதை மட்டுமே நம்பி ஏறிய விலைக்கு இனி ஒரு கூரை இருக்கிறது. உலகச் சந்தையில் மதிப்பு ஓப்பன் காருக்கும் இரண்டு கதவுக் கூபேவுக்கும்தான். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் நான்கு கதவுச் செடான். 25 லட்சத்துக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவு செய்து, ஷெட்டுக்கு இடம் ஒதுக்கி, பத்து ஆண்டு கழித்து 35 லட்சத்துக்கு விற்றால் கையில் நிற்பது பூஜ்யம். வங்கியில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும். கேட்கிற விலையில் முதலீட்டுக்காக என்று ஏற்றிய பங்கைத் தயங்காமல் வெட்டலாம்.

ஆக, என் தீர்ப்பு இது. ரெஸ்டோர் செய்து முடித்து மின்னுகிற பெல் ஏரை, வந்த வழியும் எண்ணும் வேலையின் படங்களும் மூன்றும் இல்லாமல் தொடவே வேண்டாம். மூன்றும் இருந்தால் அது உங்கள் பட்ஜெட்டில் இருக்காது. வாங்க வேண்டியது பிரீமியர் பூட்டிய டாட்ஜ் கிங்ஸ்வேயோ பிளிமத்தோ டிசோட்டோவோ: தன் சொந்தத் தட்டைத் தலை பெட்ரோல் எஞ்சினோடு, தொடர்ச்சியான பதிவோடு, பெயின்ட் மங்கி, குரோமும் கண்ணாடியும் முழுசாக இருக்க வேண்டும். எஞ்சின் வேலையை அம்பத்தூரில் நீங்கள் செய்துகொள்ளலாம். அப்போது என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு ஈடாக 1954 ஷெவர்லே அகப்பட்டால் யோசிக்காமல் எடுக்கலாம். அதற்கு முந்தைய ஷெவர்லே, ஐம்பது அறுபது வேகத்தில் திருப்தியடைகிறவருக்கு மட்டும்.

டீசல் போட்ட டாட்ஜ் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அதில்தான் மனம்விட்டுக் காஞ்சிபுரம் போய் வர முடியும். பழம்பெரும் கார் என்று சொல்லி விலை கேட்டால் மட்டும், பழைய டீசல் காருக்கு உண்டான விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.